ஏழாம் எண்ணுக்குப் போன மூடி

காதில் மாட்டியிருக்கிற அந்த ஒயரைப் போட்டு முறுக்காதேம்மா. ஒயரில் ஒன்றும் இல்லை. ஒயர் கெட்டால் சத்தம் வராது, வந்தாலும் கரகரக்கும். சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றால் அது வேறு வியாதி. உன் போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பஸ் கயத்தாறு தாண்டட்டும், சரியாகிவிடும்.

இந்தக் கிழவிக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாய். தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதே வியாதி வந்தது. ஒன்றரை மாதம் படுத்தியது. அதில்தான் என் வீட்டுக்காரருக்கு டாக்டர் பட்டம் போயிற்று. கம்ப்யூட்டரால் போயிற்று, நாள் கொடுக்காத பல்கலைக்கழகத்தால் போயிற்று. என்னால் போயிற்று என்று அவர் இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு மனுஷன் ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இருபத்தேழு வருஷம் இருக்க முடியுமா? முடிகிறது, பார்.

மதுரை வரைக்கும் போகிறாய் அல்லவா? நானும் அங்கேதான், தங்கை வீட்டுக்கு. கேள்.

பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் சார் என்றால் பழைய மாணவர்களுக்குத் தெரியும். சரித்திரப் பேராசிரியர். நாலு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவர் எம்.ஏ. படிக்கும்போது, பார்வையில்லாத மாணவருக்குத் தினம் ஒரு மணி நேரம் புத்தகம் வாசிக்க ஆள் வேண்டும் என்று கல்லூரிப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நான் இங்கிலீஷ் எம்.ஏ. குரல் நன்றாக இருக்கும் என்று எனக்கே ஒரு நினைப்பு. போனேன். அந்த ஒரு மணி நேரம் கல்யாணத்தில் முடிந்தது. "கண் தெரியாதவனுக்கா?" என்று எங்கள் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அதெல்லாம் பெரிய கதை. விடு.

கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான். நாலு மணிக்கு அவர் கல்லூரியிலிருந்து வருவார். காபி. பிறகு ஏழு மணி வரைக்கும் நான் வாசிப்பேன், அவர் கேட்பார். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபிறகு அவர் சொல்வார், நான் எழுதுவேன். தாமிரபரணிப் பாசனக் குளங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் எப்படித் தூர்ந்துபோயின என்பது விஷயம். ஒன்பது வருஷம். ஆவணக் காப்பகத்தில் புழுதி தின்று வாசித்துக் குறிப்பெடுத்தது நான். நோட்டில் எழுதியது நான். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து நாலு அத்தியாயத்தை டைப் அடித்து ஃபிளாப்பியில் ஏற்றியதும் நான்.

வீட்டுக்கு யாராவது வந்தால் சொல்வார்: "பிரமுதான் எனக்குக் கண்."

எல்லோரும் நெகிழ்ந்துபோவார்கள். நானும் முதல் சில வருஷம் நெகிழ்ந்தேன். பிறகு ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது தோன்றியது: கண் என்கிறாரே, கண்ணுக்கு ஒரு வார்த்தை உண்டா? கண் பார்க்கும், அவ்வளவுதானே.

அவர் நடை வறட்டு நடையம்மா. எந்த வருஷம், எந்த அலுவலகம், யார் கையெழுத்து, எந்த மடை உடைந்தது. சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும். நான் எழுதும்போது அங்கங்கே ஒரு சொல் மாறியது. முதலில் ஒரு சொல். பிறகு ஒரு வாக்கியம். கெடுதலாக ஒன்றும் இல்லை. ஒரு வருஷக் கணக்கு இருந்த இடத்தில் ஒரு உவமை வந்திருக்கும், அவ்வளவுதான். அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டும்போது அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுவேன். தாளில் இருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. சுலபமென்று நினைக்காதே. இரண்டையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தேன்.

அவருடைய வழிகாட்டி, மதுரைப் பேராசிரியர் ஒருவர், வீட்டுக்கு வந்து சொன்னார்: "ஆவுடையப்பன், சரித்திரக்காரனுக்கு இப்படி ஒரு இங்கிலீஷ் நான் பார்த்ததில்லைய்யா. உமக்குள்ள ஒரு கவி இருக்கார்." இவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். நான் காபி கொண்டுவந்து வைத்தேன். பேராசிரியர் என்னைப் பார்த்து, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்மா" என்றார்.

அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஏற்பாடு செய்திருந்தார். திரையில் இருப்பதை இங்கிலீஷில் வாசித்துச் சொல்லும் கம்ப்யூட்டர். ஒரு விசையைத் தட்டினால் அந்த எழுத்தைச் சொல்லும், அழித்தால் அழிந்த எழுத்தைச் சொல்லும். ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் குழாய்க்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பதினாறு வருஷத்தில் நான் வாசித்த எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பூட்டிக் கொடுக்க வண்ணார்பேட்டையிலிருந்து பியூலா வந்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் வருவாள், வாய் ஓயாது. முதல் நாளே கோளாறு. "ரெடி" என்று ஒரு தடவை சொல்ல வேண்டியது, "ரெடி ரெடி ரெடி ரெடி" என்று சொல்லிக்கொண்டே நின்றது.

"என்னக்கா இது, எங்க மாமியார் மாதிரி சொன்னதையே சொல்லுது" என்றாள்.

பெட்டியின் தகட்டைக் கழற்றி என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள். "சாருக்கு இது கைக்கு அகப்படாது. நீங்க தெரிஞ்சு வச்சுக்கிடுங்க. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நம்பர் உண்டு. தேவைன்னா அந்த மணியை அடிச்சு மெஷினைக் கூப்பிடும். பிரிண்டருக்கு ஏழு. இந்த சவுண்டு கார்டையும் கடையில ஏழுலயே வச்சுக் குடுத்திருக்கான். ரெண்டு பேரும் ஒரே மணியை அடிச்சா உள்ள இருக்கவன் யாருக்குன்னு வருவான்? அதான் முழிக்கான்."

கார்டின் மேலே வரிசையாகக் குத்திட்ட ஊசிகள். அதில் இரண்டு ஊசியை மூடிக்கொண்டு ஒரு கறுப்பு மூடி. உளுந்தம்பருப்பு அளவுதான். பியூலா நகத்தால் அதைப் பிடுங்கி ஏழிலிருந்து ஐந்துக்கு மாற்றினாள். ஆரம்பக் கோப்பிலும் ஐந்து என்று எழுதினாள். குரல் தெளிந்தது. "ரெடி." ஒரே ஒரு தடவை.

அதற்குப் பிறகு அவருக்கு நான் தேவைப்படவில்லை. இரண்டே மாதத்தில் விசைகள் எல்லாம் கைக்குள் வந்துவிட்டன. ஐந்தாவது அத்தியாயத்தை அவரே அடித்தார். நாலு மணிக்கு நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். "பிரமு, காபி" என்பார். குடிப்பார். மெஷின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். நான் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு தடவை நாள் நீட்டித்துவிட்டார்கள், இதுதான் கடைசி, தவறினால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகத்திலிருந்து காகிதம் வந்திருந்தது. அக்டோபரில் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சொன்னார்:

"நாளன்னைக்கு விஜயதசமி. அன்னைக்கு அந்த நாலு ஃபிளாப்பியையும் ஏத்திக் கேக்கப் போறேன். ஒம்பது வருஷமா எழுதுறேன் பிரமு. நான் எழுதினதை நான் ஒரு தடவைகூட வாசிச்சதில்ல."

"நான் வாசிச்சுக் காட்டினேனே."

"அது கேட்டது. வாசிச்சதில்ல."

மறுநாள் பூஜை. புத்தகங்களை அடுக்கி, பட்டுத்துணி போட்டு, மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாமலிருக்கும். பூஜையில் வைத்ததை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. மறுநாள் காலையில் எடுத்துத்தான் படிக்க வேண்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள் வீட்டில் வாசிப்பு கிடையாது. வடையும் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு அவர் பகலில் தூங்கினார். நான் சாமான்களைத் துலக்கிவிட்டு வந்தேன். பெட்டிமேல் தூசி தெரிந்தது. தகட்டைக் கழற்றினேன். உள்ளேயும் தூசி. துடைத்தேன். மறுபடி மூடினேன்.

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் மூடி ஏழில் இருந்திருக்கிறது.

விஜயதசமியன்று காலையில் குளித்து, திருநீறு பூசி, முதல் விசையைத் தட்டினார். "ரெடி ரெடி ரெடி ரெடி ரெடி."

பியூலாவுக்குச் சனிக்கிழமைதான் ஒழியும். வந்தாள். ஆரம்பக் கோப்பைத் திறந்து பார்த்தாள். "அஞ்சுன்னுதானே இருக்கு?" என்று தலையைச் சொறிந்தாள். ஸ்பீக்கரை மாற்றினாள். பேசும் நிரலை அழித்துத் திரும்ப ஏற்றினாள். அடுத்த சனிக்கிழமை மழை, வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஸ்டெபிலைசர் கொண்டுவந்தாள். "கரண்டு ஏறி இறங்குது, சார். பக்கத்து வீட்டுல மிக்ஸி போடுதப்பவா இப்படி ஆகுது?" என்று கேட்டாள். அவரும் நம்பி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியன் வந்து முற்றத்தில் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டான். பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. "உள்ள நானே என் கையால பூட்டினது. அது எங்க போகும்?" என்பாள் பியூலா.

அந்த ஒன்றரை மாதத்தில் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் தெரியுமா? "நாள் போகுதே, நான் வாசிக்கட்டுமா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்பேன்.

"வேண்டாம். சரியாகட்டும்."

"எப்ப சரியாகும்?"

"ஆகும்போது ஆகட்டும். நீ வாசிச்சுக் கேட்டாச்சு பிரமு. இப்ப நான் வாசிக்கணும்."

மூச்சுக்கு மூச்சு ரெடி ரெடி என்று கத்துகிற பெட்டிக்கு முன்னால் ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். பக்கத்தில் பெண்டாட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை மட்டும் கூப்பிட மாட்டான். எனக்கு அழுகை வந்தது. எனக்குத்தான் வந்தது.

நவம்பர் கடைசியில், வேறு வழியில்லாமல், பியூலா தகட்டைக் கழற்றினாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம்.

"எக்கா!" என்றாள். "இது ஏழுல இருக்கு!"

"எது?" என்றார் அவர்.

"அந்த மூடி, சார். நான் அஞ்சுல வச்சேன். ஏழுல இருக்கு. கோப்பு எழுத்துல அஞ்சு, மூடி ஏழுல. அப்ப எப்படிப் பேசும்? சண்டைதான் போடும். ஆமா, இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "பல்லி ஓடியிருக்கும். இந்த வீட்டில பல்லி ஜாஸ்தி."

பியூலா மூடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சிரித்தாள். அவள் மேல் தப்பில்லை. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"உங்க வீட்டுப் பல்லி பக்தியான பல்லிக்கா. ஏழாம் நம்பரைப் பாத்து மாட்டிட்டு, மூடிக்குச் சந்தனமும்லா வச்சிட்டுப் போயிருக்கு!"

சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் கையை நீட்டினார். அவள் அந்த மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரலால் உருட்டிப் பார்த்தார். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவு சின்னதா?"

வேறொன்றும் கேட்கவில்லை. பல்லி என்றே நினைத்துக்கொண்டாரோ, என்னவோ. நினைத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது. குரலில் தெரிந்தது எனக்கு.

பியூலா மூடியை ஐந்தில் மாட்டினாள். "ரெடி" என்றது, ஒரே தடவை. அவர் அலமாரியைத் தடவி ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் அத்தியாயம். ஜலதோஷக் குரல் வாசிக்கத் தொடங்கியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் பக்கம் ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் நெற்றி சுருங்கியது. நிறுத்தினார். திரும்ப ஓட விட்டார். சிறுமருதன்குளத்தைப் பற்றிய இடம். "குளம் தன் தண்ணீரை மறந்தது" என்று இங்கிலீஷில் சொல்லிற்று மெஷின். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"பியூலா, மறுபடியும் கெட்டுப்போச்சு."

"இல்லையே சார். நல்லாத்தானே பேசுது?"

"இல்லம்மா. இல்லாததை எல்லாம் சொல்லுது. நான் சொல்லாததைச் சொல்லுது. பாரு, உள்ள வேற ஏதாவது மூடி மாறியிருக்கும்."

பியூலா திரையைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார், அது சரியாத்தான் வாசிக்குது. அப்படித்தான் எழுதியிருக்கு."

பாரம்மா, அப்போதும் அவர் மெஷின்மேல்தான் சந்தேகப்பட்டார். என்மேல் படவில்லை. அது எனக்குப் பெருமையா, என்ன என்று இன்னும் தெரியவில்லை.

பியூலா கிளம்பிப் போனபிறகுதான் கூப்பிட்டார். "பிரமு, மத்த மூணு அத்தியாயமும் இப்படித்தானா?"

"அங்கங்கே ஒண்ணு ரெண்டு. உங்க பேராசிரியரே பாராட்டினாரே. கவி இருக்கார்னாரே."

"குளம் மறக்காது பிரமு. குளத்துக்கு மறதி கிடையாது. மறந்தது கலெக்டர் ஆபீஸ். யார் செஞ்சான்னு சொல்றதுக்குத்தான் நான் இதை எழுதினேன். நீ அந்த ஆளையே எடுத்துட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சொல்லியிருப்பேன். என்னிடம் ஒன்பது வருஷத்துப் பதில் இருந்தது.

"இதே இருந்துட்டுப் போகட்டுமே. நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு. ஆனா இதுல என் பேரைப் போட முடியாது."

மறுநாளிலிருந்து அழிக்க ஆரம்பித்தார். நான் அடுப்படியில் இருப்பேன். அழிகிற ஒவ்வொரு எழுத்தையும் மெஷின் சொல்லும். பின்னாலிருந்து முன்னால். ஆர், ஈ, டி, ஏ, டபிள்யூ. தண்ணீர் போயிற்று. இன்னும் கொஞ்சம் எழுத்து, மறதி போயிற்று. என் வாக்கியங்கள் தலைகீழாக நடந்து வந்தால்கூட எனக்குத் தெரியும். எது போகிறது என்று முதல் மூன்று எழுத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். குக்கர் விசில் வந்தால்தான் காதுக்குக் கொஞ்சம் ஓய்வு.

அழிப்பது சுலபம். அந்த இடத்தில் வைக்க அவருடைய வாக்கியம் வேண்டுமே? அவர் ஒரு தடவை சொன்னது, எந்தக் காலத்திலோ. கையெழுத்து நோட்டுகளும் இல்லை. டைப் ஆனபிறகு அவை இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன, பழைய பேப்பரோடு போய்விட்டன. அத்தாட்சி இல்லாமல் ஒரு வருஷத்தை, ஒரு பெயரை எழுத மாட்டார் அவர். காப்பகத்துக்குப் போய் ஆள் வைத்து மறுபடி வாசித்துக் குறிப்பெடுக்க ஒரு மாதத்தில் நடக்குமா?

டிசம்பரில் ஒருநாள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். ஒரு கை நிலைப்படியைப் பிடித்திருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"பிரமு, அந்தக் குளத்துக்கிட்ட நான் முதல்ல என்ன சொல்லியிருந்தேன்? உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் திரும்ப வாசிக்கும்போது என் வாக்கியத்தைத்தானே சொல்லியிருக்கே? அப்ப நாலு அத்தியாயமும் உன்கிட்ட இருக்கு. சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் அடிச்சுக்கறேன்."

நாலு மணிக்கு நாற்காலி போட்டு நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றவர். இப்போது வாக்கியம் வேண்டும். அவருடைய வாக்கியம். என் வாயிலிருந்து.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

"யோசிச்சுப் பாரேன்."

"இத்தனை வருஷம் ஆச்சு. எப்படி ஞாபகம் இருக்கும்?"

பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டே திரும்பிப் போனார். முப்பத்தொன்றாம் தேதி வந்தது, போயிற்று. ஜனவரியில் பதிவு ரத்து என்று காகிதம் வந்தது. அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வாசித்தேன். டாக்டர் ஆகாமல், வெறும் ஆவுடையப்பன் சாராகவே ஓய்வு பெற்றார். இப்போது போனே அவருக்கு எல்லாம் வாசிக்கிறது, எனக்குப் புரியாத வேகத்தில். நல்ல மனுஷன். காபி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார்.

ஞாபகம் இல்லாமல் என்னம்மா? நாலு அத்தியாயமும் இருக்கிறது. கேள். "ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம், சிறுமருதன்குளத்தின் மராமத்தை கலெக்டர் அலுவலகம் எழுத்து மூலமாக நிறுத்தியது. ஊர்க்காரர்கள் பதினோரு மனுக்கள் கொடுத்தார்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. மூன்றாம் ஆண்டில் குளம் தூர்ந்தது." இதுதான் அவர் சொன்னது. இவ்வளவுதான்.

என்னுடையது, குளம் தன் தண்ணீரை மறந்தது.

நீயும் படித்த பெண்தான். நீயே சொல்லம்மா. எது நன்றாக இருக்கிறது?